ஒரு நாள் பொறுங்க சார்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினொரு வருடம் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்தேன். சொன்னதைச் செய், திருப்பிக் கேட்காதே. ஆட்களை நடத்த எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. சூப்பர்வைசராகச் சேர்ந்த புதிதில் என் லைனில் பாதிப் பேர் அப்போதுதான் தையல் பழகி வந்த பிள்ளைகள். ஷிப்மென்டுக்கு நான்கு நாள். யார் எந்த மெஷின், மணிக்கு எத்தனை பீஸ் என்று ஒவ்வொன்றையும் நானே சொன்னேன். சரக்கு குறித்த நாளில் தூத்துக்குடிக்குக் கிளம்பியது. அந்த இடத்தில் அது சரி. இன்றும் அப்படித்தான் செய்வேன். ஓவர்லாக்கில் நூல் கோக்கத் தடுமாறுகிற பிள்ளையிடம் போய் அபிப்பிராயம் கேட்டால் அவள் தவித்துப்போவாள். அந்த ஒரு வெற்றியை எல்லாரிடமும் தூக்கிக்கொண்டு போனதுதான் என் தவறு.

கட்டிங் மாஸ்டர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒருநாள் சாயங்காலம் லைக்ரா கலந்த துணி காம்பாக்டிங் முடிந்து வந்து இறங்கியது. ரோலில் சுற்றி வரும் பின்னல் துணி இழுபட்டே இருக்கும்; பிரித்துப் போட்டு ஒரு நாள் ஆறவிட்டால்தான் தன் அளவுக்குத் திரும்பும். மாஸ்டர் அதைத்தான் சொன்னார்: "ஒரு நாள் பொறுங்க சார். இப்ப வெட்டுனா நீளம் அடிவாங்கிரும்."

"நாள் கணக்கு நான் பாத்துக்கறேன். நீங்க வெட்டுங்க மாஸ்டர்" என்றேன், பத்துப் பேர் முன்னால். அவர் மறுபேச்சு பேசாமல் துணியை விரிக்கப் போனார்.

அயர்னிங் முடிந்து செக்கிங் டேபிளுக்கு வந்த பீஸில் நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்திருந்தது. டேப்பை மூன்று முறை பிடித்துப் பார்த்தேன். முதலாளி வந்து கேட்டார். "மாஸ்டர் கவனிக்கல போலிருக்குங்க" என்றேன். மாஸ்டர் அங்கேயேதான் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், பிறகு தரையில் கிடந்த கட்டிங் வேஸ்டைப் பார்த்தார். அடுத்த மாதம் வேலையை விட்டு நின்றுகொண்டார்.

அந்த உறுத்தலில் நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். செக்கிங்கிலிருந்து புதிதாக சூப்பர்வைசரான பெண்ணிடம், "எல்லாம் உன் பொறுப்பும்மா" என்று லைனை விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் பேட்லாக் மெஷின் பக்கம் பீஸ் மலையாகக் குவிந்து கிடக்க, அவள் அழுதாள். "திட்டுனாக்கூடப் பரவால்லங்க சார், எதை முதல்ல செய்யறதுன்னு சொல்லுங்க."

1939-இல் வெளிவந்த ஓர் ஆய்வை வெகுகாலம் கழித்துப் படித்தேன். அமெரிக்காவின் அயோவாவில் கர்ட் லெவினும் கூட்டாளிகளும் சிறுவர் குழுக்களை வெவ்வேறு விதமாக நடத்தும் பெரியவர்களின் கீழ் முகமூடி செய்யவிட்டுப் பார்த்தார்கள். அதட்டி வேலை வாங்கியவர் வெளியே போனதும் அவர் குழுவில் வேலை படுத்துவிட்டது. கலந்துபேசியவரின் குழுவில் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு மேலே லைனுக்குப் போகும் எங்கள் மாடிப்படி நினைவுக்கு வந்தது. நான் இறங்கும்போது மெஷின் சத்தம் குறையும், ஏறும்போது கூடும். அதை மரியாதை என்று எண்ணியிருந்தேன்.

பிறகு பால் ஹெர்சியும் கென் பிளான்சர்டும் 1969-இல் முன்வைத்த கருத்து கிடைத்தது. வேலை தெரியாதவருக்கு ஒவ்வொன்றாகச் சொல், தட்டுத்தடுமாறிக் கற்கிறவருக்கு ஏன் என்று விளக்கு, தெரிந்தும் தயங்குகிறவரோடு கலந்துபேசு, கைதேர்ந்தவரை அவர் போக்கில் விடு. கைதேர்ந்தவர் என் எதிரில் நின்று ஒரு நாள்தான் கேட்டார். புதியவள் என்ன செய்வதென்று சொல்லத்தான் கேட்டாள். இருவருக்கும் நான் மாற்றிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணோடு பிறகு தினம் காலையில் பத்து நிமிடம் உட்கார்ந்து வேலையைப் பிரித்துக் கொடுத்தேன், தேறிவிட்டாள். மாஸ்டருக்கு எதையும் சரிசெய்யவில்லை.

போன வருடம் புது பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். அவர்தான் முதலில், "நல்லா இருக்கீங்களா சார்?" என்றார். மகள் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தேன். கேட்கவேண்டியது தொண்டை வரை வந்தது. அவர் பஸ் வந்துவிட்டது, ஏறிக்கொண்டார்.