வெண்மான்

நிறம் வேறுபட்ட மானைக் குறித்து நம் நாட்டார் கொண்ட வியப்பு இன்று நேற்று தோன்றியதன்று. பஞ்சவடியிற் பொன்னிற மான் ஒன்று தோன்றியபோது, இத்தகைய மான் உலகில் இல்லை, இது மாயமே என இலக்குவன் ஐயுற்றான். இராமனோ, உயிர்களின் வகை அளவற்றதென்று விடை கூறினான். அவ்விடத்தில் இலக்குவன் கூற்றே மெய்யாயிற்று என்பதை யாவரும் அறிவர். ஆயினும், இக்கலாசாலையில் விலங்கியல் பயின்ற எனக்கு இராமன் கருத்தும் எளிதிற் றள்ளத்தக்கதன்று என்றே தோன்றுகிறது. பொன்மான் இல்லையேனும் பால்போல் வெளுத்த மான் உண்டு. முற்றுங் கரிய மான் உண்டு. வெண்மையும் கபிலமும் திட்டுத்திட்டாய் விரவிய மானும் உண்டு. இவை மாயமும் அல்ல, சகுனமும் அல்ல.

வட அமெரிக்காவில், நியூயார்க் மாகாணத்தில், செனிக்கா, கயூகா என்னும் இரண்டு நீண்ட ஏரிகளுக்கு நடுவே, 1941-ஆம் ஆண்டில் அந்நாட்டு இராணுவத்தார் வெடிமருந்துச் சேமிப்புத்தலம் ஒன்றை அமைத்தனர். 10,000 ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலத்தைச் சுற்றி 24 மைல் நீளத்திற்குக் கம்பிவேலி எழுந்தது. வெடிகுண்டுகளைக் காக்க எழுந்த அவ்வேலிக்குள், அங்கே மேய்ந்துகொண்டிருந்த சில மான்களும் அகப்பட்டுக்கொண்டன. அவை வெண்வால் மான் என்னும் இனத்தவை. பெயரில் வெண்மை இருப்பினும் அவற்றின் உடல் கபில நிறமே. 1949-ஆம் ஆண்டில் அவற்றிடையே முழுதும் வெள்ளையான மான்கள் முதன்முதற் காணப்பட்டன. 1950-களில் அத்தலத்தின் தலைவராயிருந்த படை அதிகாரி, கபில மானை வேட்டையாடலாம், வெண்மானைச் சுடலாகாது என்று கட்டளையிட்டார். பிற்காலத்தில் அவ்வேலிக்குள் ஏறத்தாழ 800 மான்கள் பெருகியிருந்த நாளில், அவற்றுள் 200 அளவு வெண்மான்களாக இருந்தன. உலகில் வேறெங்கும் இத்துணை வெண்மான்கள் ஒருங்கே திரண்டதில்லை என்பர்.

இஃது எங்ஙனம் நிகழ்ந்தது? ஓர் உயிர் தன் பண்பு ஒவ்வொன்றிற்கும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு மரபணுக்களைப் பெறுகின்றது. அவ்விரண்டனுள் ஒன்று ஓங்கி நிற்க, மற்றது ஒடுங்கிக் கிடத்தலும் உண்டு. புருன் நகரத்து மடத்துத் துறவியாகிய மெண்டல் என்பார் பட்டாணிச் செடிகளை வளர்த்து இவ்வுண்மையைக் கண்டு 1866-இல் வெளியிட்டார். அவர் 1884-இல் இறக்கும்வரை அதனைப் பொருட்படுத்தியவர் அரியர். 1900-இலேதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. மானின் கபில நிறம் ஓங்கும் பண்பு. செனிக்கா மான்களின் வெண்மை ஒடுங்கும் பண்பு. வெண்மையின் மரபணு ஒன்றே பெற்ற மான் கபில நிறமாகவே இருக்கும். அதனைப் பார்த்து அறிந்துகொள்ளல் எவர்க்கும் இயலாது. அத்தகைய இரண்டு கூடின், பிறக்குங் கன்று வெண்மையாதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு.

ஈண்டு ஒரு சிறு கணக்கு. கணிதத்தை வெறுப்போர் பொறுத்தருள்க. 800 மான்களில் 200 வெள்ளை எனின், நான்கில் ஒன்று. அரையை அரையாற் பெருக்கினாற் காலாகும். ஆகவே அம்மந்தையின் நிறமரபணுக்களிற் பாதி வெண்மைக்கு உரியவை. எஞ்சிய 600 கபில மான்களில் 400 மான்கள் வெண்மையை உள்ளே ஒளித்துத் திரிவன என்பது இதனாற் பெறப்படும். மூன்றில் இரண்டு! வேட்டைக்காரர் ஒரு நிறத்தையே சுட்டமையால் இக்கணக்கு நுணுக்கமாகப் பொருந்தாதெனினும், பெருமளவில் உண்மை இதுவே. வேலி வெண்மையைப் படைக்கவில்லை. விரிந்த காட்டில் ஒன்றையொன்று காணாமலே மடிந்திருக்கக்கூடிய மறைந்த மரபணுக்களை ஓரிடத்திற் கூட்டிவைத்தது, அவ்வளவே.

இதனை இத்துணை விரித்துரைத்தற்குக் காரணம் என் தங்கை. எங்கள் குடும்பத்திற் கருநிறத்தார்க்கிடையே அவள் ஒருத்தி வெண்ணிற மேனியும், வைக்கோல் போன்ற கூந்தலும், ஒளி கண்டாற் கூசும் விழிகளும் உடையவளாய்ப் பிறந்தாள். கிரகணத்தன்று அம்மா வெளியே வந்ததன் பயன் என்றனர் சிலர். குங்குமப்பூவை அளவின்றி உண்டாள் எனச் சிரித்தனர் சிலர். வேறு சிலர் கூறியதை ஈண்டு எழுதேன். அதை அம்மா குழாயடியில் தம் காதாற் கேட்டு, குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தார் என்பது மட்டும் போதும். எங்கள் பாட்டியாரும் மருமகள்மேற் பழிபோட்டார். அம்மருமகளோ அவருக்கு மகள் வயிற்றுப் பேத்தியுங்கூட. ஏனெனில் என் தாயார் தம் சொந்தத் தாய்மாமனுக்கே வாழ்க்கைப்பட்டவர்.

வகுப்பில் மெண்டலின் கட்டங்களை ஆசிரியர் கரும்பலகையில் வரைந்த அன்றே எனக்கு வீட்டு நினைவு எழுந்தது. அவ்விடுமுறையில் அம்மாவின் எதிரில் புளியங்கொட்டைகளை வைத்து விளக்கினேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “அப்படியென்றால் உங்கள் அப்பாவிடமிருந்தும் ஒன்று வந்திருக்க வேண்டுமா, ஐயா?” என்றார். வந்தே தீரவேண்டும் என்றேன். “ஒன்று போதாதா?” என்று மீண்டுங் கேட்டார். போதாது என்றேன். பதினாறு ஆண்டு சுமந்தது அது. திண்ணையிலிருந்து யாவையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்து பாட்டியாரிடம் சென்று, “ஆத்தா, அது நம் வீட்டுச் சொத்து” என்றார். உண்மையும் பெரும்பாலும் அதுவே. ஒரே பெற்றோரின் மக்களாகிய என் தந்தையாரும் அவர் தமக்கையும் அதனை ஒருங்கே பெற்றிருத்தல் கூடும். அத்தமக்கை வழியாக என் தாயாருக்கு வந்தது. பழி கூறிய பாட்டியாரிடமோ அவர்தங் கணவரிடமோ அது உறங்கிக்கிடந்திருக்கும். உறவுக்குள் கொண்டு கொடுத்தல் என்னும் நம் வழக்கமும் ஒரு வேலிதானே.

அவ்வேலி என்னையும் விட்டபாடில்லை. யான் பணியில் அமர்ந்தபின், தாய்மாமன் மகளை எனக்குப் பேசினர். நற்குணமுடைய பெண், மறுக்க வேறு காரணம் ஒன்றுமில்லை. ஆனால் என் தங்கைக்குத் தமையனாகிய யான் அம்மரபணுவைச் சுமப்பவனாயிருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு, செனிக்காவின் கபில மானுக்குப் போலவே. என் தாயின் உடன்பிறந்தாராகிய மாமனிடம் அது இருக்கக் குறைந்தது பாதி. அவர் மகளிடம் கால். இருவரிடமும் இருப்பின் பிள்ளைக்கு நான்கில் ஒன்று. பெருக்கிப் பார்த்தால் இருபத்துநான்கில் ஒரு பங்கு. அந்நியத்தில் மணந்தால் இதனினும் மிகக் குறைவு. “பெண்ணுக்கும் கணக்குப் போட்டாயா, மாப்பிள்ளை?” என்றார் மாமா. மூன்றாண்டு எங்கள் வீட்டு வாயிலை மிதிக்கவில்லை. தங்கையைப் போன்ற பிள்ளை வேண்டாமென்று யான் எண்ணியதாக அவர் கொண்டாரோ என்பதே என்னை வருத்தியது. ஏனெனில் அடுத்த அறையிலிருந்து அவளும் அதைக் கேட்டாள். அன்றிரவு அவளே வந்து, “எனக்கு நிறம் ஒரு பொருட்டில்லை, அண்ணா; கரும்பலகை தெரியவில்லை என்பதுதான்” என்றாள்.

அவள் கூறியது விஞ்ஞானத்திற்கும் ஒத்தது. மெலனின் என்னும் நிறமி தோலுக்கு மட்டும் உரியதன்று; கருவிற் கண்ணின் உட்திரை செவ்வனே அமைதற்கும், கண்ணரம்புகள் மூளையில் உரிய பக்கஞ் சேர்தற்கும் அது வேண்டும். அந்நிறமி உண்டாகாது பிறந்தோர்க்கு, கண்ணாடி அணியினும் பார்வை முழுமையுறாது. காட்டில் அவ்வாறு பிறக்கும் மான்கள் விழி சிவந்து, பகைவிலங்கு அணுகுவதை அறியாது விரைவில் மடிகின்றன. செனிக்கா மான்களின் நிலை வேறு. அவற்றிற்கு மயிரில்தான் நிறம் படியவில்லை. கண்ணின் நிறமி கண்ணிலேயே தனித்து உண்டாவதால் விழிகள் கபிலமாகவே உள்ளன. வெண்மை ஒன்றெனினும் வழி இரண்டு.

அச்சேமிப்புத்தலம் 2000-இல் மூடப்பட்டது. 2016-இல் நிலம் தனியார்க்கு விற்கப்பட்டது. அடுத்த ஆண்டு பொதுமக்கள் காணத் திறந்த மான்பூங்கா ஒன்றும் 2019-இன் இறுதியில் நின்றுபோயிற்று. வெண்மான்களின் தொகை முன்னைப்போல் இல்லை.

அவற்றின் படங்களைத் தங்கைக்குக் காட்டினேன். அவள் உருப்பெருக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தாளோடு ஒட்டி நெடுநேரம் பார்த்தாள். “இவற்றிற்கு வெயிலிற் கண் கூசுமா?” என்று வினவினாள். கூசாது, நன்றாகத் தெரியும் என்றேன். “கொடுத்து வைத்தவை” என்று சொல்லி, அடுத்த படத்தைப் புரட்டினாள்.