சுமோவின் தீனி

லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர். 2009-இல் நான் பழைய வண்டியாக வாங்கிய டாடா சுமோ இதற்கு மேல் கொடுத்ததே இல்லை. இதற்குக் கீழே பலமுறை போயிருக்கிறது. யானையைக் கட்டித் தீனி போடுவது என்னும் வழக்கு எங்கள் தெருவில் இந்த வண்டியால்தான் மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. வழியில் எத்தனை முறை நின்றது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இரண்டே முறை. ஒருமுறை ஃபேன் பெல்ட் அறுந்தது, மறுமுறை பாட்டரி கைவிட்டது.

பெயரைப் பற்றிச் சிறிது. ஜப்பானிய மல்லனின் உருவத்தைக் கண்டு வைத்த காரணப்பெயர் என்றே பலரும் எண்ணுகிறார்கள். டெல்கோ நிறுவனத்தை வளர்த்தெடுத்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்து 'சு'வும் 'மோ'வும் எடுத்துக் கோத்தது அது. செய்தவன் பெயர் செய்யப்பட்ட பொருளுக்கு ஆகிவருவது கருத்தாவாகுபெயர். 'திருவள்ளுவர் படித்தேன்' என்பதோடு 'சுமோ ஓட்டினேன்' என்பதையும் வகுப்பில் சேர்த்துக்கொள்வேன். மூல்காவ்கர் மறைந்தது 1989, வண்டி வந்தது 1994. ஆகவே நல்ல இலக்கண ஆசிரியர் எவரும் இதை ஒப்பமாட்டார். மாணவர்களுக்கோ சுமோ என்றால் வில்லனின் ஆட்கள் வரிசையாக வந்து இறங்கும் வண்டி. 'வீட்டுக்குச் சுமோ வரும்' என்பது மிரட்டலாக வழங்கிய காலமும் ஒன்றிருந்தது.

வீடு திண்டிவனத்தில், கல்லூரி விழுப்புரத்தில். ஒருவழிக்கு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. திண்டிவனம் மேம்பாலத்தருகே இருவர், கூட்டேரிப்பட்டில் இருவர், விக்கிரவாண்டியில் ஒருவர் என ஏறிக்கொள்வார்கள். காலையில் ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருந்து சாவியைத் திருப்ப வேண்டும். அந்தச் சில நொடிகளில் யாராவது ஒருவர் டீசல் விலையைப் பற்றிப் பேச்செடுத்துவிடுவார். போய்வர எட்டு லிட்டர். அப்போது லிட்டர் நாற்பது ரூபாய்க்கும் கீழே. ஆறு பேர் பங்கிட்டால் தலைக்கு ஐம்பது ரூபாயை ஒட்டி வரும். பேருந்தைவிட அதிகம்தான். ஆனால் தேர்வுத்தாள் திருத்தும் நாள்களில், இரவு எட்டு மணிக்குக் கிளம்பிப் பேருந்தில் நின்றுகொண்டே வந்தவர்கள் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆறு பேரைச் சுமந்து லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் போகும் வண்டி, தலைக்கு அறுபது கிலோமீட்டர் கொடுக்கிறது. பைக்கில் தனியே போகிறவர் பெறுவதும் ஏறக்குறைய அதுவே. ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட எடை, காற்றை முட்டித் தள்ளிக்கொண்டு போகும் பெட்டி உருவம்: இவற்றை இழுக்க எரிபொருள் வேண்டும்தான். அந்த எரிபொருள் உள்ளே எத்தனை பேருக்காக எரிகிறது என்பதை மைலேஜ் என்னும் சொல் காட்டுவதே இல்லை.

அப்பாவின் கடைசி இரண்டு ஆண்டுகளில் வாரம் இருமுறை புதுச்சேரி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. நடு இருக்கையில் முழங்காலை மடக்கிப் படுத்துக்கொள்வார். தலை அம்மாவின் மடியில். திரும்பி வரும்போது கண்ணை மூடியபடியே, "மயிலம் வந்துட்டுதா?" என்று கேட்பார். சிறிய காரில் அவரைப் படுக்கவைத்திருக்க முடியாது. அந்த மாதங்களில் டீசலுக்கு என்ன செலவாயிற்று என்பது எனக்குத் தெரியாது. 2018-இல் அவர் போனார்.

திண்டிவனத்துக் கிடங்கலை, சிறுபாணாற்றுப்படையின் தலைவனான ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில் என்று அறிஞர் கொள்வர். அந்நூலில் அவன் தேரை மட்டும் பரிசிலாகத் தருவதில்லை. இழுக்கக் காளையையும் ஓட்ட ஆளையும் சேர்த்தே தருகிறான். காளைக்கு வைக்கோல் எங்கிருந்து வரும் என்று நத்தத்தனார் சொல்லவில்லை. எனக்கு வண்டியை விற்றவரும் சொல்லவில்லை.

உடன் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார், இருவர் சிறிய கார் வாங்கினார்கள், மற்ற இருவருக்கும் மாற்றல். மகள் கோவையில் விடுதியில் சேர்ந்தாள். டீசலுக்கு அரசு விலை வைப்பது 2014 அக்டோபரில் முடிந்தது. 2021-இல் லிட்டர் தொண்ணூறைத் தாண்டியது. தலைக்கு அறுபது கொடுத்த அதே வண்டி, நான் ஒருவனே ஓட்டும்போது பத்துதான் கொடுத்தது. இப்போது கல்லூரிக்கு ரயிலில் போகிறேன். சுமோ மாதத்தில் இரண்டு மூன்று முறை வெளியே வருகிறது.

"வித்துடுங்கப்பா. அது விடற புகைய நீங்க பின்னாடி நின்னு பாத்ததே இல்ல" என்கிறாள் மகள். 2004-இல் பதிவான வண்டி, இன்றைய பி.எஸ். 6 விதிகளுக்குப் பல படிகள் முந்தையது. தில்லியில் என்றால் பத்து ஆண்டிலேயே கதை முடிந்திருக்கும். இங்கே பதினைந்து ஆண்டு கழிந்தால் சோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவைப் புதுப்பிக்கலாம். 2019-இல் அதற்கு 600 ரூபாய், 2024-இல் 5,000. இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 என்று 2025 ஆகஸ்டில் உயர்த்திவிட்டார்கள். புகை விஷயத்தில் அவளுக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. குறைவாக ஓட்டுகிறேன் என்பது விடையாகாது.

இரண்டாம் புதுப்பிப்பு முடிந்த சில வாரங்களில், 2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை. கிடங்கல் பக்கம் தாழ்வான தெருவொன்றில் இருக்கும் சித்தப்பா விடியற்காலையில் அழைத்தார். தண்ணீர் பம்பரைத் தொட்டது. முதல் கியரில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல், மெல்ல. இரண்டு நடையில் எட்டுப் பேர், ஒரு தையல் இயந்திரம், நெல் மூட்டை இரண்டு. எல்லாரையும் எங்கள் வீட்டு மாடியில் சேர்த்தோம். அந்த வாரம் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்களும் நின்றன.

தண்ணீர் வடிந்தபின் மெக்கானிக் பின்சக்கரத்துக் கிரவுன் ஆயிலை இறக்கினார். நீர் கலந்து, பால் ஊற்றிய தேநீர்போல் வந்தது. "ரெண்டு தடவ கழுவி ஊத்தணும் சார், மத்தபடி ஒண்ணுமில்ல" என்றார். பதிவு 2029 வரை இருக்கிறது. தையல் இயந்திரத்தை நடு இருக்கையில் ஏற்றியபோது கிழிந்த உறையை, சித்தி அதே இயந்திரத்தில் தைத்துக் கொடுத்தார்.