பேப்பர் வராத நாளில் ஒரு சைக்கிள் பயணம்

கடலூரிலிருந்து சிதம்பரம் நேர் ரோட்டில் சுமார் 45 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டால் ஊர் வந்துவிடும். இதற்குப் போய் இரண்டு நாள், நடுவில் ஓர் இரவு, அதுவும் சைக்கிளில் என்று ஆறு பேர் கிளம்பினால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "வேலை வெட்டி இல்லையாடா?" என்றுதான் ஆறு வீட்டிலும் கேட்டார்கள்.

முதல் சண்டை ரூட்டுக்கு. நேர் ரோடு என்றால் முதுநகர் தாண்டியதும் சிப்காட் வாடை, பிறகு பு.முட்லூர் வரை லாரியும் ஆம்னி பஸ்ஸும். ஜாலியாகப் போகிற பயணத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு யார் மிதிப்பது? கடைசியில் ஜெயித்தது சுற்று வழி: குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி வழியாக வடலூர். முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். செம்மண், முந்திரித் தோப்பு, அங்கங்கே பலா. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இந்தத் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. இன்று நிற்பதில் பாதி அதன்பின் நட்டதாகத்தான் இருக்கும். இரவு வடலூரில் தங்கல். மறுநாள் சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம் என்று நாற்பது சொச்சம்.

வடலூரைத் தேர்ந்ததற்குக் காரணம் பக்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பட்ஜெட்! வள்ளலார் 1867 மே 23-ல் தொடங்கிய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. யார் போய் உட்கார்ந்தாலும் சாப்பாடு உண்டு, சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. ஆறு காமர்ஸ் மாணவர்கள் போட்ட கணக்கில் இரவுச் சாப்பாட்டுக்கு எதிரே பூஜ்யம் விழுந்தது இப்படித்தான். ("உண்டியலில் ஏதாவது போடுடா" என்று ஒருவன் சொன்ன பிறகு பூஜ்யம் நூறு ஆனது.) பூச நாளாக மட்டும் இருக்கக் கூடாது. மாதப் பூசத்தன்று ஞானசபையில் ஆறு திரை நீக்கி ஜோதி காட்டுவார்கள், தைப்பூசத்தன்று ஏழும் நீக்குவார்கள். அந்த நாட்களில் லாட்ஜில் ரூம் கிடைக்காது.

தேதியில்தான் பெரிய சிக்கல். ஆறு பேரில் ஒருவன் விடிகாலையில் பேப்பர் போடுகிறான். நான்கரைக்குக் கட்டை எடுத்து ஏழுக்கு முடிப்பான். ஞாயிறு, பண்டிகை என்று எதுவும் கிடையாது. ஒரு நாள் போகாவிட்டால் அந்த லைனை வேறு பையனுக்குக் கொடுத்துவிடுவார் ஏஜென்ட். அவன் செமஸ்டர் ஃபீஸ் அந்த லைனில்தான் இருக்கிறது.

"நீங்க போய்ட்டு வாங்கடா, போட்டோ காட்டுங்க" என்றான். சொன்ன விதத்தில் வருத்தம்கூட இல்லை. பழகிப்போன குரல். அதுதான் மற்றவர்களுக்கு உறுத்தியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தினமும் சைக்கிள் மிதிக்கிறவன் அவன் ஒருவன்தான். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த இலவச சைக்கிள் எல்லோருக்கும் வந்தது. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லோருக்கும் விரிந்த திட்டம் அது. மற்ற ஐந்து பேரின் சைக்கிளில் இரண்டு விற்றாயிற்று, இரண்டு மாட்டுக்கொட்டகையில் துருப்பிடிக்கிறது, ஒன்று எங்கே என்றே தெரியாது. அவனுடையது மட்டும் இன்னும் ஓடுகிறது. புதிதாக கியர் சைக்கிள் வாங்கியவனால் கேப்பர் மலை மேட்டில் அவனை முந்த முடியவில்லை. மலை என்பது பேருக்குத்தான், செம்மண் மேடு!

வழி சொன்னது காலண்டர். ஆயுத பூஜைக்குப் பத்திரிகை ஆபீஸ்கள் லீவு, அதனால் மறுநாள் காலை பேப்பர் வராது. பூஜையன்று ஏழு மணிக்கு அவன் வேலை முடிந்துவிடும். சைக்கிளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி எட்டு மணிக்குக் கிளம்பினால் மறுநாள் சாயங்காலத்துக்குள் திரும்பலாம். முதல் நாள் தூரம் குறைவாக இருப்பதும் நல்லதாகப் போயிற்று. வெயில் ஏறிவிட்டால் ஏதாவது புளியமரத்தடியில் இரண்டு மணி நேரம் படுத்துக்கொள்ளலாம். இரண்டாம் நாள் மட்டும் ஐந்து மணிக்கே கிளம்பியாக வேண்டும். வடலூர்–சேத்தியாத்தோப்பு ரோடு தஞ்சாவூர் நெடுஞ்சாலை, விடிந்துவிட்டால் லாரி.

வகுப்பில் இரண்டு பெண்களும் வருகிறோம் என்றார்கள். ராத்திரி தங்கல் என்றதும் வீட்டில் பேச்சே முடிந்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களைக் கூட்டம் கூட்டமாக சைக்கிளில் ஏற்றியது, பாடத்தில் படித்தாயிற்று, பரீட்சையும் எழுதியாயிற்று. என்ன பயன்? அவர்கள் புவனகிரியில் சேர்ந்துகொண்டு சிதம்பரம் வரை வருவார்கள். அவ்வளவுக்குத்தான் அனுமதி.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது பேப்பர்காரன் ஒரு குண்டைப் போட்டான். ஆயுத பூஜையன்று எந்தப் பஞ்சர் கடை திறந்திருக்கும்? எல்லோரும் கடைக்குப் பொட்டு வைத்துப் பொரி கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். கியர் சைக்கிளின் வால்வு வேறு, சாதா பம்ப் அதற்குச் சேராது. ஐந்து பேரும் முழித்தார்கள். அவன் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து எழுத ஆரம்பித்தான்: சொல்யூஷன் ஒரு டியூப், பேட்ச், உப்புத்தாள், டயர் கழற்ற இரண்டு லீவர், பம்ப் இரண்டு வகை.