சொந்த விருப்பத்தின் பேரில்

1/ மார்க்ஸ் பத்தி போன வாரம் ரெண்டு வரி எழுதினேன். உடனே ஒரு நண்பர் கேட்டார்: "டாக்டர், கம்யூனிசத்துல தனிமனித சுதந்திரமே கிடையாதே, அதைப் போய் நல்லவிதமா எழுதுறீங்களே?" நான் எந்தக் கட்சியிலயும் இல்லை. ஆனா கேள்வி நியாயமானது. ஒரு நோயாளியோட கதையில இருந்து பதில் சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ கடலூர் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில வேலை பார்த்தப்ப நடந்தது. கரும்பு வெட்டுற தொழிலாளி, பல வருஷமா சுகர். கால் கட்டைவிரல்ல புண்ணு, சீழ் வச்சிருந்தது. "பத்து நாள் படுங்கண்ணே, விரலோட போயிடும். விட்டா காலுக்கே ஆபத்து"ன்னேன். தலையாட்டினார். சாயங்காலம் வந்து "கிளம்புறேன் சார்"னு நின்னார்.

3/ "மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கிட்டேன் சார். நான் போகலைன்னா என் பங்கையும் சேர்த்து சம்சாரம் வெட்டணும்." சிகிச்சை முடியாம போறவங்ககிட்ட எழுதி வாங்குவோம், தெரியும்ல? 'எனது சொந்த விருப்பத்தின் பேரில் செல்கிறேன்.' படிக்கத் தெரியாதவர். நான் வாசிச்சுக் காட்டினேன், கைநாட்டு வச்சார். மூணு வாரத்துல திரும்பி வந்தார். முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டியதாப் போச்சு.

4/ இப்ப யோசிங்க. அவரை யார் தடுத்தா? போலீஸ் இல்லை, சட்டம் இல்லை, நானும் தடுக்கலை. காகிதத்துல அவர் முழுச் சுதந்திர மனுஷன். 1867ல வந்த 'மூலதனம்' நூல்ல மார்க்ஸ் இதைத்தான் கிண்டலா சொல்றார்: தொழிலாளி ரெண்டு விதத்துல சுதந்திரமானவன். உழைப்பை யாருக்கு வேணா விக்கலாம். விக்க வேற எதுவும் இல்லாமலும் 'விடுபட்டு' நிக்கிறான்.

5/ சரி, வழக்கமா வர்ற குழப்பங்களைப் பார்ப்போம். ஒண்ணு: "உன் வீடு, பைக் எல்லாத்தையும் பிடுங்கிடுவாங்க." 1848ல வந்த கம்யூனிஸ்ட் அறிக்கையே இதுக்குப் பதில் சொல்லுது. உழைச்சுச் சேர்த்த சொந்தப் பொருள் அதோட குறி இல்லை. அடுத்தவன் உழைப்பை அடக்கி ஆள்ற அதிகாரத்தைத் தர்ற சொத்துதான் குறி.

6/ ரெண்டு: "எல்லாரையும் ஒரே அச்சுல வார்ப்பாங்க." 1875ல மார்க்ஸ் எழுதினது நேர் எதிர். ஒருத்தர் பலசாலி, ஒருத்தர் பலவீனம், ஒருத்தருக்குப் பிள்ளைங்க அதிகம். எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வச்சா அதுவே அநியாயம்ங்கிறார். கேஷுவால்டியில தினமும் நாங்க செய்றதுதானே இது? டோக்கன் நம்பர் எதுவா இருந்தாலும் நெஞ்சுவலிக்காரர்தான் முதல்ல.

7/ மூணு: "எழுத, பேச விடமாட்டாங்க." 24 வயசுல, 1842ல, மார்க்ஸ் எழுதிய ஆரம்பக் கட்டுரைகள்ல முக்கியமானது பத்திரிகைத் தணிக்கைக்கு எதிரானது. அடுத்த வருஷமே அவர் ஆசிரியரா இருந்த பத்திரிகையை பிரஷ்ய அரசு மூடிச்சு.

8/ நம்ம பக்கம் வாங்க. 1950ல சென்னை மாகாண அரசு 'கிராஸ் ரோட்ஸ்'ங்கிற இடதுசாரி வார இதழைத் தடை பண்ணிச்சு. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போய் ஜெயிச்சார். இந்தியாவோட பேச்சுரிமை வழக்குகள்ல இதுதான் முன்னோடி. அதே மாசம், விசாரணை இல்லாம அடைச்சு வைக்கிற சட்டத்தை எதிர்த்து ஏ.கே. கோபாலன் போட்ட வழக்கு தோத்துது. அந்த வருஷம் பிப்ரவரி 11ல சேலம் சிறைத் துப்பாக்கிச்சூட்டுல 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தாங்க. அன்னைக்கு அந்தக் கட்சி ஆயுதப் பாதையும் பேசினது உண்மை, அது தனி விவாதம்.

9/ நான் சிதம்பரத்துக்காரன். கொள்ளிடம் தாண்டினா பழைய தஞ்சாவூர் ஜில்லா. பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையா இருந்த ஊருங்க. சீனிவாச ராவ் தலைமையில விவசாயத் தொழிலாளிங்க அதை எதிர்த்து நின்னாங்க. கூலி மட்டுமில்லை, "என் உடம்பு மேல கை வைக்காதே"ங்கிறதும் கோரிக்கை. தனிமனித சுதந்திரத்துல இதை விட அடிப்படையானது எது?

10/ 'ஜெய் பீம்' படம் பார்த்திருப்பீங்க. அது நம்ம கடலூர் மாவட்டத்து முதனை ராஜாக்கண்ணு கதை, 1993. பார்வதி அம்மாவுக்குத் துணையா நின்னது மார்க்சிஸ்ட் கட்சிக்காரங்க. வக்கீல் சந்துரு கையில எடுத்த ஆயுதம் ஆட்கொணர்வு மனு. "இந்த ஒரு ஆளைக் கொண்டு வந்து நிறுத்து"ன்னு அரசைக் கேட்கிற மனு.

11/ ஆனா நண்பரோட பயம் கற்பனை இல்லை. 1953 ஜனவரியில, தலைவர்களைக் கொல்லச் சதி பண்ணினாங்கன்னு சோவியத் அரசு டாக்டர்கள் மேல குற்றம் சாட்டிச்சு. பெரும்பாலும் யூதர்கள். அடிச்சு வாக்குமூலம் வாங்கினாங்க. மார்ச்ல ஸ்டாலின் செத்தார். ஏப்ரல்ல அரசே "எல்லாம் ஜோடனை"ன்னு ஒத்துக்கிச்சு. மார்க்ஸ் பேரைச் சொல்லி நடந்த ஆட்சி அது. அந்த டாக்டர்களுக்கு ஆட்கொணர்வு மனு போட ஒரு சந்துரு இல்லை. அதனால "அதெல்லாம் முதலாளித்துவ சுதந்திரம், அப்புறம் பார்த்துக்கலாம்"னு சொல்ற தோழர்களோட எனக்கு உடன்பாடு இல்லை.

12/ என் பதில் இதுதான்: அரசு கையில இருந்து மனுஷனைக் காப்பாத்த அந்த மனு வேணும். பசி, கடன் கையில இருந்து காப்பாத்த அது மட்டும் போதாது. மார்க்ஸ் ரெண்டாவதைக் கேட்டார். அதைக் கேட்டதாலேயே முதலாவதுக்கு அவர் எதிரின்னு ஆகிடாது.

13/ அந்தக் கைநாட்டு என்னைக் காப்பாத்திச்சு, அவரைக் காப்பாத்தலை. இப்பல்லாம் அந்தத் தாளை நீட்டுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்கிறேன்: "போகலைன்னா என்ன ஆகும்?" சில சமயம் யாருக்காவது ஒரு போன் போட்டாலே ஆள் தங்கிடுறார். பல சமயம் ஒண்ணும் பண்ண முடியலை.

14/ கடைசியா ரெண்டு விஷயம். சுகர் இருக்கிறவங்க தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பாருங்க. முன்பணத்தைக் காட்டி யாரையாவது வேலையை விட்டுப் போக விடாம வச்சிருந்தா, கலெக்டர் ஆபீஸ்லயோ கோட்டாட்சியர்கிட்டயோ மனு கொடுங்க. கொத்தடிமை முறையை ஒழிச்சு 1976லயே சட்டம் இருக்கு. மாற்றுக் கருத்து இருந்தா எழுதுங்க, பேசுவோம்.