மூன்று படிகளும் ஓர் அளவு நாடாவும்

என் மூத்த மகள் சட்டம் படிக்கிறாள். போன விடுமுறைக்கு வந்தவள், "உம்மா, இந்த முறை ஒரு மாதம் பயிற்சிக்குப் போகப் போறேன்" என்றாள். ஏதாவது பெரிய சட்டத்தரணியின் அலுவலகமாக்கும் என்று நினைத்தேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பாம். சம்பளம் கிடையாது, பஸ் காசு மட்டும். முதல் வேலையே புத்தூரில்.

அமெரிக்காவில் இதைக் கோடை விடுமுறைப் பயிற்சி என்கிறார்களாம். (நமக்கு எந்த மாதம் கோடை இல்லை?) அங்கே பார்க்லி நகரில் 1979 முதல் இயலாமை உரிமைகளுக்காகவே வழக்காடும் ஓர் அமைப்பு இருக்கிறது, சட்ட மாணவர்கள் விடுமுறையில் அங்கே போய் வேலை பழகுகிறார்கள் என்று மகள் சொன்னாள். மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு பெரிய சட்டம் 1990 ஜூலையில் அந்த நாட்டில் வந்ததாம். 1990 என்றதும் எனக்கு வேறு ஞாபகம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெண் பிள்ளையைத் தனியே அனுப்ப மனமில்லாமல் முதல் நாள் நானும் கூடப் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி தாண்டி பஸ் போகிறது. நீர்வேலி வாழைத் தோட்டங்களையும் அந்தச் சிவந்த மண்ணையும் பார்த்துக்கொண்டே புத்தூர்ச் சந்தியில் இறங்கினோம்.

நாங்கள் பார்க்கப் போனது நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. யுத்த காலத்தில் முதுகெலும்பில் காயம்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே அயல் பிள்ளைகளுக்கு ரியூஷன் கொடுக்கிறார். வயதான தாயும் அவரும்தான் வீட்டில். தேத்தண்ணி வந்தது. நான் வழக்கம்போல அந்தத் தாயிடம், "மகளுக்கு இப்ப சுகம் எப்படி?" என்று கேட்டேன். பக்கத்திலிருந்து பதில் வந்தது: "அக்கா, என்னட்டையே கேளுங்கோ. எனக்குக் கால்தான் ஏலாது, வாய் நல்லா ஏலும்." எல்லோரும் சிரித்தார்கள். என் முகம் சிவந்துவிட்டது. பயிற்சியில் முதல் பாடமே இதுதானாம். கூட வந்தவரிடம் கேட்காதே, உரியவரிடம் கேள் என்பது. மகள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பாடம் எனக்கும் கிடைத்தது.

விஷயம் பெரியதல்ல. கோழி வளர்ப்புக்கு ஒரு கடன். அதற்கு ஓர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை. வாசலில் மூன்று படிகள். முதல் தடவை போனபோது இரண்டு ஆண்கள் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்களாம். "அண்டைக்கு வீட்டை வந்து குளிச்சும் மனம் ஆறேல்லை. தெரியாத ஆம்பிளையள் தூக்கிறதெண்டா உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை" என்றார். அதன் பிறகு போகவே இல்லை. இரண்டு வருடமாகக் கடனும் இல்லை, கோழியும் இல்லை. படி ஏறுவதில் மானம் இருக்கிறது என்று நாம் யோசித்திருக்கிறோமா, சகோதரிகளே?

மகள் சொன்ன சட்டங்களை நான் விளங்கிய வரையில் எழுதுகிறேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறியது. இயலாமையைக் காரணம் காட்டி வேலைக்கோ பாடசாலைக்கோ ஒருவரை மறுக்கக் கூடாது, பொது இடங்களுக்கு வருவதைத் தடுக்கவும் கூடாது என்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். பொதுக் கட்டடங்களுக்குள் போய்வர வசதி செய்ய வேண்டும் என்ற விதிகள் 2006இல் வர்த்தமானியில் வந்தன. வந்தும் என்ன? கலாநிதி அஜித் பெரேரா என்பவர், 1992இல் அவருடைய காரின் மேல் மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர், தானே உயர் நீதிமன்றம் போய் வாதாடினார். புதிய பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளின்படிதான் இருக்க வேண்டும் என்று 2011 ஏப்ரலில் உத்தரவு வந்தது. ஐ.நா. உடன்படிக்கையையும் 2016இல் இலங்கை ஏற்றுக்கொண்டது.

இவ்வளவு கேட்டதும் நான் மகளிடம் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எத்தனையாம் ஆண்டுச் சட்டம் என்றாய்?"

"தொண்ணூற்றாறு, உம்மா."

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேரத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போக வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டபோது என் தங்கச்சிக்கு எட்டு வயது. இளம்பிள்ளை வாதத்தால் சூம்பிய கால். இரும்புச் சட்டம் வைத்த சப்பாத்து போட்டுத்தான் நடப்பாள். அவசரத்தில் வாப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார், சப்பாத்து கட்டிலுக்குக் கீழே இருந்துவிட்டது. புத்தளம் முகாமில் சில வருடங்கள் கழித்து உம்மா அவளை ஒரு பாடசாலைக்குக் கூட்டிப் போனா. "விழுந்து எழும்பினால் யார் பொறுப்பு? வீட்டில் வைத்துத் தையல் பழக்குங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உம்மா சலாம் சொல்லிவிட்டு வந்துவிட்டா. தங்கச்சிக்கு அப்போது பதினைந்து வயது. கணக்குப் பார்த்தேன். அது 1997. சட்டம் வந்து ஒரு வருடம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் யாரையும் கேட்கவில்லை. அல்லாஹ் நாடியது அவ்வளவுதான் என்று இருந்துவிட்டோம். கண் பார்வையில்லாத இப்னு உம்மி மக்தூம் அவர்களை மதீனாவுக்கே பொறுப்பாக விட்டுப்போன வரலாற்றை மத்ரஸாவில் படித்த நாங்கள்தான்.

பயிற்சி மாணவிகள் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. மகள் செய்ததெல்லாம் சின்ன வேலைகள். அந்தப் பெண்மணியின் வாக்குமூலத்தை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதினாள். திகதிகளைச் சரிபார்த்தாள். படிகளைப் படம் எடுத்தாள். வர்த்தமானியைத் தேடி எடுத்து இணைத்தாள். மூத்த சட்டத்தரணி திருத்திக் கையெழுத்திட, கடிதம் போனது. மூன்று கிழமையில் சாய்தளம் கட்டியாகிவிட்டது என்று தகவல். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். மகள் அப்படிச் சந்தோஷப்படவில்லை, என் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். நானும் போனேன்.

ஒரு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது கணக்கு. படி ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், மூன்றுக்கும் பதினெட்டு. அப்படியானால் சாய்தளம் பதினெட்டு அடி நீளம் வேண்டும். அவர்கள் கட்டியிருந்தது ஐந்து அடி! கைபிடியும் இல்லை. அந்தப் பெண்மணி அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதாலை இறங்கினா நான் நிலாவரைக் கிணத்திலைதான் போய் நிப்பன்" என்றார். அங்கிருந்த அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாலும், கணக்கை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். கடன் படிவத்தை வெளியே கொண்டுவந்து மர நிழலில் கையெழுத்தும் வாங்கினார்கள். சாய்தளம் இன்னும் ஐந்தடியாகவே இருக்கிறது. இரண்டாவது கடிதம் போயிருக்கிறது. மகளின் மாதம் முடிந்துவிட்டது, அவளுக்குப் பிறகு வந்த மாணவிதான் அதைப் பார்க்கிறாள்.

அன்றிரவு புத்தளத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். தங்கச்சி எல்லாவற்றையும் பேசாமல் கேட்டாள். "தொண்ணூற்றாறிலேயே இருந்ததா?" என்று ஒரு தரம் கேட்டாள். பிறகு நெடுநேரம் தையல் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"அந்த அக்காவை நான் பார்க்கோணும்" என்றாள் கடைசியில். "புத்தளத்திலிருந்து வாற பஸ்ஸில் முதல் படி எவ்வளவு உயரம் என்று மருமகளை அளந்து பார்க்கச் சொல்லுங்க."

பெருநாள் கழியக் கூட்டி வருவதாக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.