செங்கோட்டைக்காரர்

சங்கரன்கோவில் ரதவீதியில் ஒரு டீக்கடை. ஷிப்டு முடிந்து வந்த விசைத்தறிக்காரர்களின் தலையில் பஞ்சுத் துகள் இன்னும் உதிரவில்லை. பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெரியவர். அவரை ஒட்டிப் பேரன். பையனின் போனில் ‘கப்பலோட்டிய தமிழன்’ ஓடுகிறது.

“தாத்தா, வ.உ.சி. சிவாஜி. இந்தப் பாரதியார் யாரு?”

“எஸ்.வி. சுப்பையால்லா! நம்ம செங்கோட்டைக்காரரு. இங்க ரயிலேறுனா அவரு ஊருல போயி எறங்கலாம்.”

பெரியவர் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறார். சிவாஜி பேசுகிறார், பெரியவர் பார்ப்பதோ, கேட்டு நிற்கும் சுப்பையாவை. பார்க்க வேண்டிய இடம் அதுதான். எதிராளியின் சொல்லை முகம் முழுவதாலும் வாங்கத் தெரிந்த நடிகர் அவர். கதாநாயகனின் துக்கம் இவர் கண்ணில் ஒருமுறை தங்கிவிட்டுத்தான் நம்மிடம் வரும்.

இந்தப் படம் வந்தது 1961-இல். அதே வருஷம் பீம்சிங்கின் ‘பாவ மன்னிப்பு’. அதில் கிறிஸ்தவர் ஜேம்ஸ். பாரதியின் நிமிர்வில் ஒரு துளிகூட ஜேம்ஸிடம் கிடையாது.

“அபிராமி பட்டரும் இவருதாம்ல. ஆடித்தபசுக்கு ரேடியோ செட்டுல போடுவானே, அந்தப் பாட்டு!”

1971, ‘ஆதி பராசக்தி’. குரல் டி.எம். சௌந்தரராஜனுடையது. ஆனால் அந்தத் தவிப்பு சுப்பையாவின் உடம்பிலிருந்து வருவதாகவே இன்றும் தோன்றுகிறது.

பெரியவர் ‘அரங்கேற்றம்’ பற்றிப் பேசவில்லை. 1973-இல் பாலசந்தர் எடுத்தது. மகள் எப்படிச் சம்பாதிக்கிறாள் என்று அறியாமல், அவள் காசில் ஆசாரம் காக்கும் ராமு சாஸ்திரிகள். அந்த மனிதரை என்னால் மன்னிக்க முடிந்ததில்லை, வெறுக்கவும் முடிந்ததில்லை. அவரைக் கெட்டவராக்கிவிட்டுத் தப்பித்துக்கொள்ளும் சுலப வழி சுப்பையாவுக்குக் கிடைத்தது. அவர் அதில் போகவில்லை.

“சொந்தமாவும் ஒரு படம் எடுத்தாரு. ‘காவல் தெய்வம்’. கெடைக்குமா, தேடுலே.”

ஜெயகாந்தனின் ‘கைவிலங்கு’ கதை, 1969-இல் வெளிவந்தது. கைதிகளை மனிதர்களாகப் பார்க்கும் சிறை அதிகாரி வேடத்தைத் தனக்கு வைத்துக்கொண்டார் சுப்பையா. சிவாஜி கௌரவ வேடத்தில் வந்து உலுக்கிவிட்டுப் போவார். அவருக்கு அப்படியொரு இடத்தைத் தன் படத்திலேயே ஒதுக்கிக் கொடுக்கப் பெரிய மனசு வேண்டும்.

பையன் தேடி எடுத்துவிட்டான். எதிர் பெஞ்சுக்காரர் இருவர் எழுந்து வந்து பின்னால் நிற்கிறார்கள்.

“சிவாஜி எப்ப வருவாரு தாத்தா?”

“வருவாருலே. மொதல்ல இவரப் பாரு. சத்தத்தக் கூட்டு!”