மூன்று லாடக் குதிரை

போன மாதம் எங்கள் பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். கார் கம்பெனிகளுக்கு நடுவில் இருக்கிற பென்னலூரில், காருக்குப் பதில் குதிரை கேட்ட ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வெள்ளைக் குதிரை ஒன்று வந்தது. நெற்றியில் ஜிகினா, கழுத்தில் சலங்கை, பேர் ராஜா.

ஊர்வலம் நல்லபடியாக முடிந்தது. பிரச்சினை என்னால் வந்தது.

கூடப் படிக்கிற பசங்க நாலு பேர் வந்திருந்தார்கள். குதிரைக்கார அண்ணன் கையில் 200 ரூபாயைத் திணித்து, "ஒரு ரவுண்டு அண்ணே, வீடியோ எடுத்துட்டு இறங்கிடறேன்" என்றேன். "ரோட்டு மேல வேணாம் தம்பி, இந்த மண்ணுலயே சுத்துங்க" என்றார். மண்ணில் சுற்றினால் வீடியோவில் என்ன கெத்து இருக்கும்? நெடுஞ்சாலை ஓரம் லாரி வெளிச்சத்தில் போனால்தானே கெத்து. இன்னொரு 100 கொடுத்தேன். அவர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார், நான் மேலே ராஜா மாதிரி (ராஜா மேலே ராஜா!) உட்கார்ந்திருந்தேன்.

ஐம்பது அடி போயிருக்க மாட்டோம். மண்டப வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எங்கள் தாத்தா கத்தினார்.

"டேய், இறங்குடா கீழே!"

பசங்க எல்லாம் சிரித்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தாத்தா அதைப் பற்றிக் கவலைப்படாமல் குதிரைக்காரரிடம் கேட்டார்: "மூணு காலுதான் சத்தம் போடுது. நாலாவது இன்னா ஆச்சுப்பா?"

எங்கள் தாத்தா நாற்பது வருடம் மாட்டுக்கு லாடம் அடித்தவர். எனக்கு வெறும் 'டக் டக்' என்று கேட்டது, அவருக்கு மூன்று டக்கும் ஒரு தொப்பும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறது. முன் வலது காலைத் தூக்கிப் பார்த்தார்கள். லாடம் இல்லை. ஆணி இருந்த ஓட்டை இரண்டு பிய்த்துக்கொண்டு, குளம்பின் ஓரம் உடைந்த ஓடு மாதிரி இருந்தது. தாத்தா கட்டைவிரலால் உள்ளங்காலை அழுத்தினார். குதிரை காலை இழுத்துக்கொண்டது. எனக்கு அந்த நிமிடமே கோபம் போய்விட்டது, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

அன்று ராத்திரி தாத்தா சொன்னதையும் அப்புறம் நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். குதிரையின் குளம்பு நம் நகம் மாதிரிதான், இரண்டுமே கெரட்டின். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவாக வளரும். மண்ணில் நடந்தால் வளர்வதும் தேய்வதும் ஓரளவு சரிக்கட்டும். தார் ரோட்டில் தினமும் நடந்தால் வளர்வதை விடத் தேய்வது அதிகம். அதற்குத்தான் இரும்பு. அடித்துவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. லாடத்துக்கு உள்ளே குளம்பு வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, சீவி, திரும்ப அடிக்க வேண்டும். தள்ளிப்போட்டால் ஆணி தளர்ந்து லாடம் தானே கழன்று, போகும்போது குளம்பையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு போகும்.

லாடமே இல்லாமல் பழகிய குதிரைகள் உண்டு. முன்னங்கால் இரண்டுக்கு மட்டும் அடிப்பவர்களும் உண்டு, ஏனென்றால் உடம்பு எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்காலில்தான் விழுகிறது. ஆனால் முன்னங்கால் ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாவிட்டால் இரண்டு காலும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறுங்காலுமாக ஜல்லி ரோட்டில் நடந்து பாருங்கள். அப்புறம் முதுகில் அறுபத்தெட்டு கிலோவில் ஒரு பி.காம். மாணவனை ஏற்றிக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுக்கும் குதிரை லாடத்துக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ அதை எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், ஏடன் பக்கத்திலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வருமாம். ஒரு ராஜாவே வருடத்துக்கு 2000-க்கு மேல் வாங்குவாராம். வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சாதாம். காரணம், கவனிக்கத் தெரிந்த ஆளோ லாடம் அடிப்பவரோ இங்கே இல்லை. வியாபாரிகளும் அப்படிப்பட்டவர்களைக் கூட்டி வரமாட்டார்கள், யாராவது வந்தாலும் தடுத்துவிடுவார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும்! போலோ கொஞ்சம் ஊதிச் சொன்னாரோ என்னவோ, வணிகவியல் படிக்கிற எனக்கு அது ரொம்பப் பழக்கமான தந்திரமாகத் தெரிந்தது. இன்று கார் விற்கிறவன் சர்வீஸில் சம்பாதிக்கிறான். அன்று சர்வீஸை ஒழித்துச் சம்பாதித்திருக்கிறார்கள்.

குதிரைக்கார அண்ணன் கெட்டவர் இல்லை. லாடம் கழன்று இரண்டு நாள்தான் ஆகிறதாம். அடிக்கிறவர் சென்னையிலிருந்து வரவேண்டும், ஒரு குதிரைக்காக வரமாட்டார், நாலைந்து சேர்ந்தால்தான் வருவார். முகூர்த்த நாளை விட்டால் மாதத் தீனிக்குக் காசு இல்லை. உரிமம் இல்லாமல் லாடம் அடிக்கிற தொழில் செய்யக்கூடாது என்று 1965-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. விதி இருக்கிறது, ஆளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. காலில் புண்ணோ நோயோ உள்ள விலங்கை வேலை வாங்குவது 1960-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். அந்தக் குற்றத்தில் 300 ரூபாய்க்கு நானும் பங்குதாரர்.

"நீங்களே ஒண்ணு அடிச்சு விடுங்களேன் பெரியவரே" என்றார் அவர்.

"மாட்டுக்கு அடிச்ச கைப்பா இது. மாட்டுக் குளம்பு ரெண்டாப் பொளந்திருக்கும், தகடும் ரெண்டு. இது வேற. ஆணி ரவ உள்ள போச்சுன்னா குதிரை நொண்டிடும். தெரியாத வேலைய நான் செய்ய மாட்டேன்" என்றார் தாத்தா.

தெரிந்ததைச் செய்தார். வீட்டிலிருந்து பழைய அரத்தை எடுத்துவரச் சொல்லி, உடைந்த ஓரம் மேலும் பிளக்காமல் ராவிவிட்டார். சாக்கை மடித்துக் காலில் சுற்றிக் கட்டினார். பத்து கிலோமீட்டர் ராத்திரியில் நடத்திக் கூட்டிப்போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைசியில் ஒரு குட்டி யானை பிடித்தோம். வண்டியைத்தான் சொல்கிறேன். குட்டி யானையில் குதிரை ஏறிப் போனது! வாடகையில் பாதி தாத்தா, பாதி நான். என் வண்டிக்குப் புது டயர் போட வைத்திருந்த பணம்.

ஏறும்போது அண்ணன் யாருக்கோ போன் செய்து, மறுநாள் ஆர்டருக்கு வேறு குதிரை பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நஷ்டத்தை என் பாதி வாடகை ஈடுகட்டாது என்று கணக்குப் போட பி.காம். தேவையில்லை.

வீடியோவை அழித்துவிட்டேன். பசங்க இன்னும் ஓட்டுகிறார்கள், ஓட்டட்டும். அடுத்த முறை கல்யாணத்திலோ மெரினாவிலோ குதிரையைப் பார்த்தால், ஏறுவதற்கு முன்னால் அது நடக்கிற சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்கள். நாலும் ஒரே மாதிரி கேட்கிறதா என்று பாருங்கள்.